பழைய தகரக் கூலரைப் பிரித்தபோது

டெல்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது வாங்கிய தகரக் கூலர் அது. வீடு மாறிய போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது. மே மாத மதியங்களில் அம்மா அதன் தொட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டுவார். கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் பழையபடிதான். பல வருஷம் மொட்டை மாடியில் கிடந்த அதை இந்தக் கோடையில் பிரித்துச் சரிசெய்தேன்.

கூலர் என்பது நனைந்த மரச்சுருள் வழியாக வெளிக்காற்றை விசிறியால் இழுத்து, தண்ணீர் ஆவியாவதால் அதைக் குளிரவைக்கும் பெட்டி. முதலில் அந்த ஐஸ் விஷயம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது இழுப்பதோ ஏறக்குறைய 2,400 கிலோஜூல், அதாவது ஏழு மடங்கு. போதாததற்கு, சில்லிட்ட தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். கூலருக்கு வேண்டியது வறண்ட காற்று. ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவுதான் குளிர்ச்சி.

அந்த இடத்தை அளக்க எளிய வழி உண்டு. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறினால் அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. இந்தக் கூலரால் அதற்குக் கீழே போக முடியாது. டெல்லியில் 42 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் அது சுமார் 24 டிகிரி. நல்ல கூலர் இந்த 18 டிகிரி இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கைக் கடந்து, 28 டிகிரிக் காற்றைத் தரும். சென்னையில் 36 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் அளவே 30 டிகிரி. அதே கூலரை அங்கே ஓட்டினால் 31 டிகிரியில் பிசுபிசுக்கும் காற்றுதான் கிடைக்கும். அமெரிக்காவில் 1930களில் இந்த முறை அரிசோனா போன்ற வறண்ட பகுதி வீடுகளில் பரவியதற்கும் காரணம் இதுதான்.

சரி, பெட்டிக்கு வருவோம். மூன்று பக்கச் சட்டங்களையும் கழற்றினேன். கம்பி வலைக்குள் இருந்த மரச்சுருள் கீழே சரிந்து, மேல்பாதி வெறும் ஓட்டையாக இருந்தது. மிச்சத்தைக் கையில் எடுத்தால் அப்பளம்போல நொறுங்கியது. எல்லாம் வெள்ளை உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த உப்பு போகாது. மேலே தண்ணீர் சொட்டும் தகட்டுத் துளைகளிலும் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தன. அடைபட்ட ஒவ்வொரு துளைக்குக் கீழேயும் ஈரமே படாத ஒரு பட்டை. காற்று தடை குறைந்த வழியாகத்தான் நுழையும். அதனால் சரிந்த ஓட்டை வழியாக 42 டிகிரிக் காற்று அப்படியே உள்ளே வந்து, நனைந்து குளிர்ந்த காற்றோடு கலந்துவிடும். எங்கள் கூலர் கடைசி வருஷங்களில் வெறும் சத்தமாக மட்டும் இருந்ததற்குக் காரணம் அந்த ஓட்டைகள்.

தகட்டை வினிகரில் ஊறவைத்து, சைக்கிள் ஸ்போக்கால் துளைகளைக் குத்தித் திறந்தேன். தொட்டியின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் தார் பெயின்ட் பூசினேன். விசிறியைக் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றியது. கண்டென்சரை மாற்றியதும் தானாகவே கிளம்பியது. எர்த் கம்பியைப் புதிதாக இழுத்தேன். தகரமும் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் பெட்டி இது. பிளக்கைப் பிடுங்காமல் யாரும் தொட்டியில் கைவைக்கவே கூடாது.

சட்டங்களில் இந்தமுறை வெட்டிவேர் அடைத்தேன். வடக்கே இதற்குக் கஸ் என்று பெயர். மின்விசிறி வருவதற்கு முன்பே அங்கே வாசலில் கஸ் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். உலக வாசனைத் திரவியக் கடைகள் இதை அழைக்கும் ‘வெட்டிவர்’ என்ற பெயர் நம் தமிழிலிருந்து போனது. முதல் தண்ணீர் இறங்கியதும் அறை முழுக்க அந்த மண்வாசனை. அம்மா சமையலறையிலிருந்து எழுந்து வந்து கூலர் முன்னால் நின்றார்.

ஆனால் வந்தவர் ஏசிக்குச் செய்வதுபோல ஜன்னலைச் சாத்தினார். நான் மறுபடி திறந்தேன். ஏசி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. கூலரோ அதை நீராவிக்குள் ஒளித்து அறைக்குள்ளேயே விடுகிறது. மணிக்கு 5 லிட்டர் ஆவியானால் காற்றிலிருந்து உறிஞ்சப்படும் வெப்பம் ஒரு டன் ஏசி எடுப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். அந்த ஈரம் எதிர் ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் அறைக்குள்ளேயே சென்னை வந்துவிடும்.

வாரம் ஒருமுறை தொட்டியை முழுக்க வடித்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவுகிறேன். உப்பும் குறையும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளும் போகும். ஜூலையில் பருவமழை வந்ததும் காற்றில் இடம் நிரம்பிவிடும். அப்போது தண்ணீரை வடித்து, வெட்டிவேரை வெயில் கண்ட நாளில் உலர்த்தி, சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவேன்.