மஞ்சள் நாடா கட்டும் முன்பே போக வேண்டும்

அமெரிக்க நகரம் ஒன்றில் உள்ளூர் நாளிதழ் நிருபராகப் பல வருஷம் வேலை பார்த்தேன். கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் சந்தா ஏன் ஏறவில்லை என்று கேட்டறிய, அங்கிருந்த சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் போட்டோம். முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "குற்றம் நடந்த இடத்தைச் சுற்றிப் போலீஸ் மஞ்சள் நாடா கட்டினால் பத்து நிமிஷத்தில் வந்து நிற்கிறீர்கள். 9 மாசமாகத் தெருவிளக்கு எரியவில்லை, அதற்கு ஏன் ஒருத்தரும் வரவில்லை?" அந்தத் தெருவுக்கு நான் 4 முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் துப்பாக்கிச்சூடு.

இது பழைய குறை. 1967இல் அமெரிக்க நகரங்களில் நடந்த இனக் கலவரங்களை ஆராய்ந்த அரசின் கெர்னர் கமிஷன், பத்திரிகைகள் வெள்ளையர் கண்ணால் மட்டுமே பார்க்கின்றன என்று 1968லேயே சொல்லிவிட்டது. 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் தன் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்து, 2020 டிசம்பரில் கறுப்பின மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. உதாரணத்துக்கு, 1977 வெள்ளத்தில் அந்த ஊரில் 25 பேர் இறந்தார்கள். அன்றைய செய்திகளிலோ வசதியானவர்கள் போகும் கடைவீதியின் சேதம்தான் பெரிதாக வந்தது.

ஆகவே இப்படி விடுபட்ட மக்களை வாசகர்களாக்க, சமூக ஊடகப் பக்கம், விளம்பரம், சந்தா தள்ளுபடி எல்லாம் அப்புறம். அந்த மக்களைப் பற்றி நிறைய எழுதினோம். அவர்கள் படித்துப் பயன்பெற என்று எழுதவே இல்லை.

டெட்ராய்ட்டில் 2016இல் சாரா அல்வாரெஸ் தொடங்கிய 'அவுட்லியர் மீடியா' என்ற செய்தி நிறுவனத்தைப் பாருங்கள். அங்கே வீட்டு உரிமையாளர் 3 வருஷம் சொத்துவரி கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போய்விடும். வாடகையைத் தவறாமல் கொடுத்தவர்கூடத் தெருவுக்கு வரலாம். ஒருவர் தன் வீட்டு முகவரியை அவுட்லியருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், வீடு யார் பெயரில் இருக்கிறது, வரி பாக்கி உண்டா என்று பதில் வரும். அதற்கு மேலும் கேள்வி இருந்தால் நிருபரே பேசுவார். இதைவிடப் பெரிய செய்தி அந்தக் குடும்பத்துக்கு என்ன இருக்க முடியும்!

சிகாகோவின் 'சிட்டி பியூரோ' என்ற செய்தி அமைப்பு உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து அரசுக் கூட்டங்களில் குறிப்பெடுக்க வைக்கிறது. சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏழைகளின் நேரத்தை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

மொழி விஷயத்திலும் அவசரம் கூடாது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் குவாத்தமாலாவிலிருந்து வந்த பலருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ் அல்ல, மாம் என்ற பழங்குடி மொழி. ஸ்பானிஷில் போட்டுவிட்டோம் என்று திருப்திப்பட்டால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

சில்லறைக் குற்றங்களில் சந்தேக நபரின் பெயரையும் படத்தையும் போடும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள். 2021இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நிறுத்திவிட்டது. வழக்கு தள்ளுபடியானாலும் அந்தப் படம் இணையத்தில் கிடந்து, வேலை தேடும் பையனை வருஷக்கணக்கில் துரத்தும்.

அந்தக் கூட்டம் முடிந்த மறுவாரம், இரவில் அதே தெருவில் நடந்து எரியாத கம்பங்களை எண்ணினேன். மொத்தம் 11. செய்தி வந்த அன்று காலை அந்த அம்மா போன் செய்தார். பக்கத்துத் தெருவில் இன்னும் 7 இருக்கிறது, குறித்துக்கொள் என்றார்.