இடது பக்க வலிப்புக்கு அறுவை சிகிச்சை: பேச்சு போய்விடுமா?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘இடது டெம்போரல் லோப்’ (காதுக்கு உட்புறம், மூளையின் பக்கவாட்டில் உள்ள பகுதி) என்று இருந்தாலே பல குடும்பங்கள் அறுவை சிகிச்சை என்ற பேச்சையே விட்டுவிடுகின்றன. ‘பேச்சு போயிடும்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சில சமயம் சொன்னவர் டாக்டராகவே இருப்பார். அந்தப் பயத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எது போகும், யாருக்குப் போகும் என்று பிரித்துப் பார்க்காமல் வருடக்கணக்கில் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதுதான் பெரிய இழப்பு.

பொருத்தமான இரண்டு மருந்துகளை, போதுமான அளவில், விடாமல் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லையென்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த வகை. மூன்றாவது, நான்காவது மருந்தால் முழுமையாக நிற்பது சிலருக்குத்தான். டெம்போரல் லோப் வலிப்பு பற்றி கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம், மருந்துக் குழுவில் 8 சதவீதம். குழந்தைகளிடம் டெல்லி எய்ம்ஸ் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 77 சதவீதத்துக்கு 7 சதவீதம். நம் ஊருக்கும் இது புதிதல்ல, வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1950-களிலேயே வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்.

இனி பேச்சு. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்குப் பேச்சு இடது மூளையில் இருக்கிறது. இடது கைக்காரர்களில்கூட 70 சதவீதம் பேருக்கு அங்கேதான். கைக்குழந்தையாக இருக்கும்போதே இடது மூளை அடிபட்டிருந்தால் பேச்சு வலப்பக்கத்துக்குப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் கையை வைத்து ஊகிப்பது போதாது, ஒவ்வொருவருக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இடது டெம்போரல் லோப் அறுவையில் வழக்கமாக எடுப்பது முன்முனையிலிருந்து 3.5 முதல் 4.5 செ.மீ. வரைதான். மேல் மடிப்பைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால் வாயே அடைத்துப்போவது அரிது. உண்மையில் அடிவாங்குவது பெயர்கள். சீப்பைப் பார்த்தால் என்னவென்று தெரியும், ‘தலை வாருவோமே, அது’ என்பார், ‘சீப்பு’ மட்டும் வராது. இடது பக்க அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெயர் சொல்லும் திறன் அளவிடும்படி குறைகிறது. இதில் பலருக்கும் புரியாத ஒன்று: ஹிப்போகாம்பஸ் (டெம்போரல் லோபின் உள்ளே இருக்கும் நினைவாற்றல் பகுதி) சுருங்கிப் பல வருடம் ஆனவர் இழப்பது குறைவு. எம்.ஆர்.ஐ. கிட்டத்தட்ட நார்மலாக இருந்து, சோதனையில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்தான் அதிகம் இழக்கக்கூடும். சிறுவயதில் இல்லாமல், பெரியவரான பிறகு வலிப்பு தொடங்கியவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

வார்த்தை தடுமாறுவதற்கு மாத்திரையும் காரணமாகலாம். டோபிரமேட் என்ற வலிப்பு மருந்து இதில் பேர்போனது. அறுவைக்கு முன்பே இதைக் கவனிக்காவிட்டால் பழி முழுக்கக் கத்தியின் மேல் விழும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி வீடியோ. வலிப்பு வந்துகொண்டிருக்கும்போதே தெளிவாகப் பேசுகிறாரா? அப்படியானால் அது பெரும்பாலும் பேச்சு இல்லாத பக்கத்து வலிப்பு. நின்றதும் சாவி, பேனா, தம்ளர் என்று காட்டிப் பெயர் கேளுங்கள், எளிய ஒரு வரியைப் படிக்கச் சொல்லுங்கள், பதில் வரும் வரை கேமராவை அணைக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் சரியாகப் படித்துவிட்டால் அதுவும் பெரும்பாலும் பேச்சு இல்லாத பக்கத்து வலிப்பு. முழு நினைவோடு விழித்துப் பார்த்தும் சில நிமிடங்கள் வார்த்தை வராவிட்டால் அது பேச்சு இருக்கும் பக்கத்து வலிப்பாக இருக்கலாம். மருத்துவமனையில் சில நாட்கள் எடுக்கும் வீடியோ இ.இ.ஜி.யிலும் (வீடியோவோடு சேர்த்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது) இதையேதான் கேட்கிறார்கள்.

ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ., அதாவது பேசும்போது மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், பேச்சு எந்தப் பக்கம் என்று காட்டும். எந்த இடத்தில் வெட்டலாம் என்பதற்கு அதை மட்டும் நம்பக் கூடாது. வலிப்பு தொடங்கும் இடம் பேச்சுப் பகுதியை ஒட்டியிருந்தால் மூளையையே நேரடியாகச் சோதிக்க வேண்டும்: மின்முனைகளைப் பொருத்தி வார்டிலேயே பார்க்கலாம், அல்லது அறுவையின் நடுவே விழிக்கவைத்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் இது தேவையில்லை. ஹிப்போகாம்பஸ் சுருங்கிய சாதாரண டெம்போரல் வலிப்பில் முழு மயக்கத்திலேயே அறுவை முடிந்துவிடும்.

விழிப்பு நிலை அறுவையில் தலைத்தோல் நரம்புகளை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். மூளைக்கு வலி தெரியாது. 5 மி.மீ. இடைவெளியுள்ள இரட்டை முனைக் கருவியால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை 1, 2 மில்லி ஆம்பியரில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தொட்டபடியே படம் காட்டுவார்கள், சுமார் 4 வினாடி. நோயாளி ‘இது ஒரு...’ என்று தொடங்கிப் பெயர் சொல்ல வேண்டும். ‘இது ஒரு’ வந்து பெயர் வரவில்லையென்றால் அது பெயருக்கான இடம். எதுவுமே வரவில்லையென்றால் வாயசைவு நின்றிருக்கலாம். ஒரே இடத்தை அடுத்தடுத்துத் தொடாமல், விட்டுவிட்டு மூன்று முறை தொட்டு, இரண்டு முறை தவறினால் எண் அட்டை வைத்துவிடுவார்கள். அங்கிருந்து 1 செ.மீ. தள்ளித்தான் வெட்டு. மின்னோட்டம் அதிகமாகி வலிப்பே வந்துவிட்டால் குளிர்ந்த சலைன் ஊற்றி அடக்குவார்கள். மயக்கம் முழுதாகத் தெளியாதவர் எந்த இடத்தைத் தொட்டாலும் தடுமாறுவார், அந்த வரைபடத்தால் பயனில்லை.

படங்களில்தான் கோட்டை விடுவது வழக்கம். வெளிநாட்டுத் தொகுப்பில் இக்லூவும் பிரெட்செலும் இருக்கும்; ஆண்டிபட்டிக்காரருக்கு அது எதற்கு? முறம், அரிவாள்மனை, தாழ்ப்பாள் போன்றவற்றை வைத்து முந்தின நாளே ஓட்டிப்பார்த்து, தயங்கிய படங்களை நீக்கிவிட வேண்டும். அவர் வாயில் வருவதை அப்படியே குறிக்க வேண்டும்: நேற்று ‘ஃபேன்’ என்றவர் இன்றும் ‘ஃபேன்’ என்றால் சரி, ‘காத்து வருமே, அது’ என்றால் தவறு. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுபவர், வேலையில் ஆங்கிலம் பேசியே ஆக வேண்டியவர் என்றால் அந்த மொழியிலும் சோதிக்க வேண்டும். இரு மொழிகளும் ஒரே புள்ளியில் இருக்கும் என்ற உறுதி கிடையாது.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் பேச்சு குழறினால் பதற வேண்டாம். பெரும்பாலும் வீக்கம்தான், வாரக்கணக்கில் சரியாகும். பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்கலாம். பெயர் சொல்லும் சோதனையைச் சில மாதங்களிலும் ஒரு வருடத்திலும் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். முன்பு எடுத்த மதிப்பெண் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். வலிப்பு நின்றாலும் மாத்திரை தொடரும், பொதுவாக ஒன்றிரண்டு வருடங்களாவது. குறைப்பதும் ஒவ்வொன்றாகத்தான், அதுவும் டாக்டர் சொல்லி.