நாடிச் சுவருக்குள் சேரும் கொழுப்பு

யாழ்ப்பாணத்தில் மாதாந்தக் கிளினிக்கில் துண்டெடுத்துக் காத்திருக்கும் எவரிடமாவது மாரடைப்பு ஏன் வருகிறது என்று கேட்டால், "குழாய்க்குள்ள கொழுப்பு அடைச்சுப்போடும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். கொழுப்பு சேர்வது உண்மைதான். ஆனால் அது சேர்வது நாடியின் சுவருக்குள்ளே.

நாடியின் உட்புறத்தை அகவணி என்னும், ஒரேயொரு கலத்தின் தடிப்பே உள்ள படை மூடியிருக்கிறது. அது சுரக்கும் நைத்திரிக் ஒட்சைட்டு நாடியைத் தளர்த்தி விரியச் செய்வதுடன், வெண்குருதிக் கலங்களும் சிறுதட்டுகளும் சுவரில் ஒட்டாமலும் தடுக்கிறது. (இந்த வாயு குருதிச் சுற்றோட்டத்தில் ஆற்றும் பணியைக் கண்டறிந்தமைக்காக மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.) சுருட்டோ சிகரெட்டோ, புகையும், உயர் குருதியமுக்கமும், சீனி வருத்தமும் இச்சுரப்பைக் குன்றச் செய்கின்றன.

சுவரின் சேதமே, அதற்குள் கொழுப்பு படியும் இந்நோயின் தொடக்கம் என்று 1970களில் வாதிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் ரசல் றொஸ். அகவணி உரிந்துபோவதையே அவர் முதலில் சேதமெனக் கருதினார். ஆனால் தொடக்கநிலைப் படிவுகளின் மேல் அகவணி உரியாமலேயே இருப்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே அதன் தொழிற்பாடு கெடுவதே சேதம் எனக் கருத்து மாறியது. 1999இல் அவர் இந்நோயை ஓர் அழற்சி நோயென்றே எழுதினார்.

படிவு எங்கே தொடங்குகிறது என்பதே, என் பார்வையில், சுவரின் பங்குக்கு வலுவான சான்று. தோட்டத்து வாய்க்காலில் நேரே ஓடும் தண்ணீர் கிளை பிரியும் மூலையில் தயங்கிச் சுழல்வதுபோல, கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில் குருதியும் சுழல்கிறது. நேரான பகுதியில் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசைப்பட்டிருக்கும் அகவணிக் கலங்கள் அங்கே ஒழுங்கிழக்கின்றன. உடலெங்கும் ஓடுவது ஒரே கொலஸ்ரோல் கொண்ட குருதியேயாயினும், நோய் இத்தகைய மூலைகளையே முதலில் பிடிக்கிறது.

குருதியில் கொலஸ்ரோலைச் சுமந்துசெல்லும் எல்.டி.எல். துணிக்கைகள் அங்கே சுவருக்குள் புகுந்து சிக்கி ஒட்சியேற்றமடைகின்றன. அகவணி ஒட்டுமூலக்கூறுகளை வெளிக்காட்ட, அவற்றைப் பற்றியபடி வெண்குருதிக் கலங்கள் உள்ளே நுழைந்து, கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைக் கலங்களாக வீங்குகின்றன. நடுப்படையிலிருந்து நகர்ந்துவரும் தசைக்கலங்கள் இந்தப் படிவின்மேல் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தாலான மூடியொன்றை அமைக்கின்றன.

எனினும் சேதம் மட்டும் போதாது. மரபுவழியாகப் பிறப்பிலிருந்தே எல்.டி.எல். மிகக் குறைவாக உள்ளவர்களிடம், குருதியமுக்கம் கூடுதலாக இருந்தாலும் மாரடைப்பு அரிதாகவே காணப்படுகிறது.

நாடியை அதிகம் ஒடுக்காத படிவின் மூடியும் ஒருநாள் கிழியலாம். உள்ளிருப்பது குருதியைத் தொட்டதும் கட்டி உறைந்து வழியை அடைத்துவிடும். நேற்றுவரை நோவின்றிச் சந்தைக்குச் சைக்கிளில் போய்வந்தவருக்கு இன்று மாரடைப்பு வருவது இதனால்தான். ஸ்ரற்றின் மாத்திரைகள் படிவை முற்றாகக் கரைப்பதில்லை, எல்.டி.எல்.லைக் குறைப்பதோடு அந்த மூடியைத் தடிப்பாக்கி, அது கிழியும் வாய்ப்பையும் குறைக்கின்றன.