சென்னையில் நாய், பூனை வளர்க்க உரிமம்: ஊசி அட்டையிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டு நாய் சிம்பாவுக்கு முதல்முறை உரிமம் கேட்டு விண்ணப்பித்தபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசி போட்டிருந்தோம், போட்டதற்கு அட்டையும் இருந்தது. ஆனால் அதில் தேதியை மட்டும் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருத்துவரின் முத்திரை இல்லை, பதிவு எண் இல்லை. மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுவார்களே, அதுவும் இல்லை. ஊசி போட்ட இடத்துக்கே போய்க் கேட்டேன். பழைய பதிவேடு எதுவும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இன்னொரு மருத்துவரிடம் திரும்பவும் ஊசி போட்டு, முத்திரை, ஸ்டிக்கர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வந்த பிறகுதான் உரிமம் கிடைத்தது.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வீட்டில் நாயோ பூனையோ வளர்த்தால் மாநகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய். உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் அபராதம் 5,000 ரூபாய். இந்த விதி புதிதல்ல, ஆனால் பல வருடங்களாக யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2023-ல் இணையம் வழியாக விண்ணப்பிக்கும் வசதி வந்தது. 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாநகராட்சி சிறப்பு முகாம்கள் போட்டு, இலவசமாக வெறிநோய் ஊசியும் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பும் போட்டுவிட்டது. உரிமம் வாங்குவதற்கான கெடு ஒரு தடவைக்கு மேல் தள்ளிப்போய் டிசம்பரில் முடிந்தது. நாட்டு நாய், சீமை நாய் என்ற பேதம் இதில் கிடையாது. தெருவிலிருந்து எடுத்து வந்து வளர்க்கிற நாயும் வீட்டுக்குள் வந்துவிட்டால் உங்கள் பொறுப்புதான்.

விண்ணப்பிப்பது கடினமான காரியம் இல்லை. மாநகராட்சி இணையதளத்தில் செல்லப்பிராணி உரிமத்துக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. கைபேசி எண் கொடுத்தால் ஓடிபி வரும். உங்கள் படம், நாய் அல்லது பூனையின் படம், முகவரிச் சான்று, வெறிநோய் ஊசி போட்ட சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். மாநகராட்சிக் கால்நடை மருத்துவர் அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்ததும் 50 ரூபாயைக் கட்டி, உரிமத்தைப் பதிவிறக்கிக் கொள்ளலாம். சந்தேகம் வந்தால் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் கேட்கலாம்.

விண்ணப்பம் தடைபட்டால் பெரும்பாலும் ஊசிச் சான்றில்தான் சிக்கல் இருக்கும். அதனால் ஊசி போடும் இடத்திலேயே நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்: போட்ட தேதி, அடுத்த ஊசிக்கான தேதி, மருந்தின் தொகுதி எண் (பேட்ச் எண்) உள்ள ஸ்டிக்கர், மருத்துவரின் கையெழுத்தோடு பதிவு எண் உள்ள முத்திரை. அட்டையை உடனே படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மருந்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. குளிர்பெட்டியிலிருந்தோ ஐஸ் டப்பாவிலிருந்தோ வந்தால் நல்லது. மேசை மேல் கிடந்த குப்பியை எடுத்தால் கேளுங்கள், தப்பே இல்லை. உங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி என்றால் கேட்கமாட்டீர்களா?

குட்டிகளைப் பொறுத்தவரை வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில் தொடங்குகிறது. மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி (பூஸ்டர்), அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. அதற்கு முன்பே, ஆறிலிருந்து எட்டு வார வயதில், நாய்க்குட்டிக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டு ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும். மூன்று நான்கு வார இடைவெளியில் அதைத் திரும்பப் போடுவார்கள். உரிமத்துக்கு இந்தக் கூட்டு ஊசியைக் கேட்பதில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். பார்வோ வந்த குட்டி இரண்டு மூன்று நாளில் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகத் துவண்டுவிடும். எங்கள் மாடி வீட்டில் ஒரு குட்டி அப்படிப் போனதைப் பார்த்தேன். கண்கள் குழிவிழுந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்தபடி, குடிக்க முடியாமல் படுத்திருந்தது. அதற்கு வயது ஒன்பது வாரம். ஒரு ஊசிகூடப் போட்டிருக்கவில்லை. பூனைக்கும் இதேபோலக் கூட்டு ஊசி தனியாக உண்டு. பூனைக்கு எதற்கு வெறிநோய் ஊசி என்று கேட்பவர்கள் நிறைய. வெறிநோய் பூனைக்கும் வரும், பூனை பிறாண்டினாலும் கடித்தாலும் மனிதனுக்கும் வரும். ஜன்னல் வழியாக இரவில் வெளியே போய் வருகிற பூனை யாரோடு சண்டை போட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்?

மைக்ரோசிப் பற்றித் தவறான எண்ணங்கள் சுற்றுகின்றன. அது அரிசி அளவுள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் பேட்டரி இல்லை. நாய் எங்கே போகிறது என்று அது காட்டாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் பதிவாகியிருக்கும். சிம்பாவுக்குப் போட்டபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, பிறகு மருத்துவரின் கையை நக்கியது. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடி, கழுத்துப்பட்டையும் அறுந்துபோன நாயை யாராவது பிடித்துவைத்தால், அது யாருடையது என்று சொல்ல இந்த எண் ஒன்றுதான் மிஞ்சும். ஆனால் கைபேசி எண்ணை மாற்றினால் பதிவிலும் மாற்றுங்கள். பழைய எண்ணோடு கிடக்கிற சிப்பால் பயன் இல்லை.

மைக்ரோசிப்பும் ஊசியும் போட, புளியந்தோப்பு, திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் போன்ற இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. பெரிய வியாதி என்றால் வேப்பேரி மாட்டாஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. அதாவது சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி அது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடுகள் இறுகின. ராட்வைலர், பிட்புல் இரண்டுக்கும் புதிதாக உரிமம் தருவதில்லை என்று 2025 டிசம்பரில் மாநகராட்சி முடிவெடுத்தது. ஆகவே இந்த இரண்டில் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முன்பணம் கொடுக்குமுன் மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள். மற்ற நாய்களையும் வெளியே கூட்டிப்போகும்போது கயிற்றில் பிடித்துத்தான் போக வேண்டும். "எங்கள் நாய் யாரையும் ஒன்றும் செய்யாது" என்று நாமும் சொல்லியிருக்கிறோம். எதிரே வருகிற குழந்தைக்கு அது தெரியாதே.

மாநகராட்சி விதிக்கு மேலே மத்தியச் சட்டங்களும் இருக்கின்றன. 2023-ன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வீட்டு நாய்க்கு ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை மூன்றும் வளர்ப்பவரின் பொறுப்பு என்கின்றன. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ன் விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்து விற்கிறார்களே, அது விதிமீறல். தாய்ப்பால் மறக்காத குட்டி வீட்டுக்கு வந்ததும் நோயில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நம்மில் பலர் தெரியாமல் செய்கிற தப்பைக்கூடக் குற்றம் என்கிறது. குட்டையான அல்லது கனமான சங்கிலியில் மணிக்கணக்காகக் கட்டிப்போடுவது, எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாயை நடக்கவே விடாமல் இருப்பது, சோறும் தண்ணீரும் நிழலும் தராமல் விடுவது, பட்டினி கிடக்கும் நிலையில் எங்காவது விட்டுவிட்டு வருவது, எல்லாம் 11-ஆம் பிரிவில் வருகின்றன. முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை இன்னும் அப்படியே இருக்கிறது. ஊர் மாறிப் போகும்போது வயதான நாயைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போகிறவருக்கு 50 ரூபாய் ஒரு பொருட்டா? இதை உடனே திருத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வளர்ப்பவருக்கும் அதே சட்டத்தில் 291-ஆம் பிரிவு இருக்கிறது: உங்கள் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது, சங்கம் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை போடலாமா என்று. போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள்படி, பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்திக்கூட அப்படித் தடை விதிக்கக் கூடாது. அதற்காக மாடிப்படியில் நாய் அசிங்கம் செய்ததை அப்படியே விட்டுவிட்டு வரலாம் என்று அர்த்தமில்லை. ஒரு பழைய செய்தித்தாளைக் கையில் எடுத்துப்போனால் பாதிச் சண்டை வராது. உரிமத்தின் நகலையும் சங்கத்தில் கொடுத்துவையுங்கள்.

இரயிலில் கூட்டிப்போக வேண்டுமென்றால், முதல் வகுப்பு ஏசியில் இருவர் கூப்பே அல்லது நால்வர் கேபின் முழுவதும் உங்கள் பயணச்சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரயில் காவலர் (கார்டு) பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். வெயில் காலத்தில் அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அப்புறம், கடி. ஊசி போட்ட சொந்த நாய் விளையாட்டில் பல் பதித்தாலும், பூனை பிறாண்டி இரத்தம் வந்தாலும், முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். கழுவிய கையோடு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அங்கே ஊசி இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று போடுவார்கள். கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோய்க்கு வைத்தியம் கிடையாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். கடித்த விலங்கின் ஊசி அட்டையையும் கையோடு எடுத்துப்போனால், மருத்துவர் முடிவெடுக்க உதவும்.

உரிமம் ஓர் ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும்போது ஊசி காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு நாட்காட்டியில் இரண்டு தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்: முதலில் ஊசி, பத்து நாள் கழித்து உரிமம். ஊசி அட்டை சமையலறை அலமாரியில், ரேஷன் கார்டு இருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.