பூசணிப் பூவின் அடியில் பாருங்கள்

பூசணிக் கொடி வைத்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தப் புலம்பலுக்கு வந்து சேர்வார்கள். கொடி செழிப்பாகப் படர்கிறது, தினமும் காலையில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கிறது, ஆனால் எல்லாப் பூவும் உதிர்ந்துவிடுகிறது. நோயா? உரம் போதவில்லையா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. உதிர்ந்து கிடக்கும் பூ ஒன்றை எடுத்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். வெறும் மெல்லிய காம்புதான் இருக்கிறதா? அப்படியென்றால் அது ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும்.

தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூக்களில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. பூசணி, சுக்கினி, வெள்ளரி, பாகல், பீர்க்கு போன்றவற்றில் பொதுவாக ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே கொடியில் பூக்கும். பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் குட்டிப் பூசணி ஒன்று உட்கார்ந்திருக்கும். சுக்கினியில் அது விரல் போல நீண்டிருக்கும். மொட்டிலேயே இது தெரிந்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். காய் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்க, நாலைந்து நாளில் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, வெம்பி, நுனியிலிருந்து அழுகிவிடும். உண்மையில் அது அதுவரை காயே இல்லை. அது பூவின் சூலகம். உள்ளே நூற்றுக்கணக்கில் சூல்கள் இருக்கின்றன. மகரந்தம் வந்து சேர்ந்து அவை விதையாகத் தொடங்கினால்தான், காயை வளர்க்கச் சொல்லும் ஹார்மோன்கள் அங்கே சுரக்கும். விதை உருவாகாத பிஞ்சுக்குச் சத்தைச் செலவழிக்காமல் கொடி அதைக் கழித்துவிடுகிறது.

சரி, மகரந்தம் ஏன் வந்து சேரவில்லை? ஆண் பூவின் நடுவில் மஞ்சள் பொடி அப்பிய சிறு தூண் ஒன்று நிற்கும். விரலால் தொட்டால் பொடி பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும், ஊதினால் பறக்காது. மக்காச்சோள மகரந்தம் போல இது காற்றில் போகிற தூள் இல்லை. பெரிய துகள்கள், மேலே முட்கள், எண்ணெய்ப் பசை. எல்லாமே ஒரு பூச்சியின் உடம்பில் தொற்றிக்கொண்டு போவதற்கான ஏற்பாடு. ஆண் பூவும் பெண் பூவும் ஒரு சாண் தள்ளி அடுத்தடுத்துப் பூத்திருந்தாலும், நடுவில் தேனீ வராவிட்டால் ஒன்றும் நடக்காது.

அந்தத் தேனீயை வரவழைக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்புதான். ஆண் பூவில் தேன் தூணின் அடியில், சிறு துளைகள் வழியாக மட்டுமே எட்டக்கூடிய கிண்ணத்தில் இருக்கிறது. தேனீ உள்ளே தலையை நுழைத்தால் உடம்பு தூணில் உரசியே தீரும். பெண் பூவிலோ தேன் நடுத்தண்டைச் சுற்றி அகழி போல இருக்கும். அதைச் சுற்றிச் சுற்றிக் குடிக்கும்போது மேலே மடல் மடலாக இருக்கும் சூல்முடியில் பொடி ஒட்டிவிடுகிறது.

இதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. விடியலில் விரியும் பூ, மதியத்துக்குள் மூடிவிடும், மறுநாள் திறக்காது. அன்று காலை மழை பெய்தாலோ, யாராவது பூச்சிமருந்து அடித்திருந்தாலோ அந்தப் பூவின் வாய்ப்பு போனதுதான். பூசணியின் தாயகமான அமெரிக்கக் கண்டங்களில் இந்தப் பூக்களையே நம்பி வாழும் தனித் தேனீ இனங்கள் உண்டு. அவை விடியலிலேயே வேலையைத் தொடங்கிவிடும். பகலில் அவற்றின் ஆண் தேனீக்கள் வாடி மூடிய பூவுக்குள்ளேயே உறங்கும்.

ஒரு தேனீ ஒருமுறை வந்துபோனால் போதாது. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. குறைவாக வந்தால் காய் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிப் போகும். அப்படிக் கோணலான, நன்கு முற்றிய காயை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். பருத்த பக்கத்தில் திரண்ட விதைகள் இருக்கும். சூம்பிய பக்கத்தில் காகிதம் போலத் தட்டையான வெற்றுத் தோல்கள்தான்.

கொடி முதலில் விடுவது பெரும்பாலும் ஆண் பூக்களைத்தான். ஒரு வாரம், பத்து நாள் கழித்தே பெண் பூ தலைகாட்டும். வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும். குளிர்ச்சியும் குறுகிய பகலும் பெண் பூவுக்குச் சாதகம். செடிக்குள் சுரக்கும் எத்திலீன் என்ற ஹார்மோன் கொடியைப் பெண் பூவின் பக்கம் சாய்க்கிறது. காய் வரவில்லையே என்று தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தேனீ வராத இடத்தில் கையாலேயே சேர்த்துவிடலாம். காலையில், பூ நன்றாக விரிந்திருக்கும்போதே, அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். மிஞ்சும் தூணைப் பெண் பூவின் சூல்முடி மடல்கள் எல்லாவற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு மடலைக்கூட விட வேண்டாம். முடிந்தால் இரண்டு மூன்று ஆண் பூக்களைப் பயன்படுத்துங்கள். சுரைக்கு நேரம் வேறு: அதன் வெள்ளைப் பூ மாலையில் விரிந்து இரவில் அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கும், அதனால் பொழுது சாயும்போது செய்ய வேண்டும்.

அப்புறம் பிஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் மூன்று நாள் விடுங்கள். பூ வாடித் தொங்கும். அதற்குக் கீழே பிஞ்சு நிறம் மங்காமல், காம்பு தடித்து, முன்பைவிடக் கொஞ்சம் பருத்திருந்தால் உள்ளே விதை பிடித்துவிட்டது.