மோந்து பார்த்தால் தெரியாது

"மேடம், மோந்து பாருங்க. ஒரு கெட்ட வாடையும் இல்ல."

டிபன் டப்பாவை மேசையில் வைத்ததும் அவர் சொன்னது இதுதான். கோவையில் வீட்டிலிருந்தே பன், மோமோ, பாவோ என்று செய்து விற்பவர். டப்பாவில் சாங் ஃபன் மாவு. ஹாங்காங் தெருக்கடைகளில் ஆவியில் மெல்லிசாக ஊற்றி, சுருட்டி, சாஸ் விட்டுத் தருவார்களே, அந்தப் பண்டத்துக்கானது. ஊறவைத்த அரிசியோடு, மிருதுவாக வரட்டும் என்று முதல் நாள் மீந்த சோற்றையும் இரண்டு கை போட்டு அரைத்திருக்கிறார். ராத்திரி முழுக்க மாவு வெளியில்தான் இருந்தது. இட்லி மாவு மாதிரி இதையும் பாக்கெட் போட்டால் நன்றாக ஓடும் என்பது அவர் கணக்கு. எத்தனை நாள் தாங்கும் என்று அச்சடிக்கலாம்? அதைக் கேட்கத்தான் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தார்.

மாவில் கொஞ்சம் எடுத்து, நீரில் பலமுறை கரைத்து, கிருமி வளர்ந்து தெரிவதற்கான, முட்டை மஞ்சள் கரு கலந்த ஊடகத் தட்டில் தடவி வைத்தேன். மறுநாள் அவரையே கூப்பிட்டு, மூடியைத் திறக்காமல் காட்டினேன். தட்டு முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி, பால் சிந்தியதுபோல் வெள்ளை வளையம். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா முட்டைக் கருவைச் சிதைப்பதால் வரும் வளையம் அது. ஒரு கிராம் மாவில் இதன் எண்ணிக்கை 1,00,000-ஐத் தாண்டினாலே சாப்பிட உகந்ததல்ல என்று எடுத்துக்கொள்வோம். இந்தத் தட்டை எண்ணவே முடியவில்லை.

"ஆவியில வேகவெச்சுத்தானே மேடம் கொடுக்கறோம்?" என்றார்.

எல்லோரும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அடுப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம் கைக்கு ஒரு நம்பிக்கை. சரிதான், கிருமி சாகும். ஆனால் இந்த பாக்டீரியாவில் சில வகைகள், செத்துப்போகுமுன் மாவிலேயே செருலைடு என்ற நஞ்சை விட்டுவிட்டுப் போகும். அது 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நம் வீட்டுக் குக்கர் உச்சத்தில் எட்டும் சூடே அவ்வளவுதான். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். எப்போதும் அல்ல. 2008-இல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையில் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சுடவைத்துச் சாப்பிட்டு இறந்துபோனார்.

இட்லி மாவு மட்டும் எப்படித் தப்பிக்கிறது என்று கேட்கலாம். உளுந்தோடு வரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே மாவைப் புளிக்கவைத்து, மற்றவை வளர இடமில்லாமல் செய்துவிடுகின்றன. புளிப்புதான் அங்கே காவல்காரன். சோறு கலந்த சாங் ஃபன் மாவிலோ உளுந்து இல்லை, உப்பும் பேருக்குத்தான். சோறு வெந்தபோது சாகாமல் தப்பிய வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் கிருமிகள், ஏற்கெனவே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. புளிப்பு ஏறுமுன் அவை முந்திக்கொள்கின்றன. நம் பாட்டி வைத்த இட்லி மாவின் அனுபவத்தை ஊர்பேர் தெரியாத மாவுக்கெல்லாம் போட்டுப் பார்ப்பது, நீச்சல் தெரியும் என்று கடலில் குதிப்பதுபோல.

சரி, புளித்துவிட்டாலே பாதுகாப்பா? அதுவும் இல்லை. சீனாவின் வடகிழக்கில், ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில், மக்காச்சோளத்தை நாள்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து அரைத்து நூடுல்ஸ் செய்வார்கள். பெயர் சுவான்டாங்ஸி. 2020 அக்டோபரில் அங்கே ஜிஷி என்ற ஊரில், ஒரு வீட்டில் 12 பேர் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஒரு வருடமாக ஃபிரீசரில் இருந்த வீட்டுத் தயாரிப்பை எடுத்து வேகவைத்தார்கள். ருசி பிடிக்காமல் இளையவர்கள் மூன்று பேர் தொடவில்லை. சாப்பிட்ட ஒன்பது பேரும் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவராக இறந்தார்கள். காரணம், புளிக்கும் மாவில் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் போங்க்ரெகிக் அமிலம் என்ற நஞ்சு. வாசனை இல்லை, ருசி இல்லை, கொதிக்கவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. உடலின் செல்களுக்குள் ஆற்றல் கைமாறும் வழியையே அடைத்துவிடும். ஜாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்த போங்க்ரெக் என்ற டெம்பேயிலிருந்து (புளிக்கவைத்துக் கட்டியாக்கிய பண்டம்) வந்த பெயர் இது. அதைச் செய்வதையே இந்தோனேசியா 1988-இல் தடைசெய்தது.

ஃபிரீசர் நஞ்சை அழிப்பதில்லை, பத்திரப்படுத்தி வைக்கிறது. அந்த வீட்டுக் கதையில் என்னை உலுக்கியது அதுதான்.

ஸ்பிரிங் ரோல், டம்ப்ளிங் செய்கிறவர்கள் இப்போது காய்ந்த கருங்காளானை ஆன்லைனில் வாங்குகிறார்கள். அதே அமிலம் நீரில் ஊறிய கருங்காளானிலும் உண்டாகியிருக்கிறது. ஓரிரு மணி நேரம் ஊறினால் போதும், அன்றே சமைத்துவிடுங்கள். ராத்திரி ஊறப்போட்டு, மறந்து, மறுநாள் மத்தியானம் எடுக்கிற வேலை வேண்டாம்.

மைதா விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கே அடுப்பு நிஜமாகவே காப்பாற்றும், நாம்தான் அடுப்புவரை பொறுப்பதில்லை. மாவு என்பது பச்சைப் பொருள். வயலில் விழுந்த கழிவு வரைக்கும் அதோடு அரைபடுகிறது. 2016-இல் அமெரிக்காவில் மாவிலிருந்த ஈ.கோலை என்ற பாக்டீரியாவால் 63 பேர் நோயுற்றார்கள். குக்கி மாவை வழித்து நக்குவதும், பிசைகிற கையோடு குழந்தைக்கு ஓர் உருண்டை விளையாடக் கொடுப்பதும் நான் என் வீட்டிலேயே நிறுத்திய பழக்கங்கள். (ரொட்டிக்காகப் புளிக்கவைக்கும் சவர்டோ ஸ்டார்ட்டர் மாவைச் சுண்டுவிரலால் தொட்டு ருசி பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கும் இருந்தது.)

இதையெல்லாம் அவரிடம் சொல்லி முடித்தேன். சோற்றை விட்டுவிட்டு அரிசி மாவு, சோள மாவு (கார்ன்ஃப்ளோர்), தண்ணீர் மட்டும் கலந்து, கலந்த அரை மணி நேரத்தில் ஊற்றுங்கள். பாக்கெட்டில் உலர்ந்த மாவுக் கலவையாக விற்பதுதான் நல்லது என்றேன். தலையாட்டினார். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"மேடம், சில்லி ஆயில்ல ஒண்ணும் ஆகாதுல்ல? அதுல தண்ணியே இல்லையே."

எப்படிச் செய்தார் என்று கேட்டேன். பச்சைப் பூண்டைப் பொடியாக நறுக்கி, மிளகாய்த்தூளோடு போட்டு, காய்ந்த எண்ணெயை மேலே ஊற்றி, பாட்டிலில் அடைத்திருக்கிறார். கார்லிக் பன்னுக்கு அதைத்தான் தடவுகிறார்.

எண்ணெயில் தண்ணீர் இல்லைதான், பூண்டுக்குள் இருக்கிறது. எண்ணெய் காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத ஈரத்தில்தான், நரம்புகளை முடக்கும் பாட்டுலிசம் என்ற நோயின் கிருமி வளரும். 1985-இல் வான்கூவரில், எண்ணெயில் போட்ட பூண்டைத் தடவிய ரொட்டியால் 36 பேருக்கு வந்தது இதுதான். இதன் நஞ்சு கொதித்தால் அழியும், ஆனால் வித்து கொதிநீரிலும் சாகாது. சில்லி ஆயிலை யார் மறுபடி கொதிக்கவைத்துச் சாப்பிடுகிறார்கள்? ஈரமே இல்லாமல் மொறுமொறுவென்று வறுத்த பூண்டில் ஆபத்து வெகுவாகக் குறையும். பச்சைப் பூண்டு என்றால் ஃபிரிட்ஜில் 4 நாள், அதற்குமேல் குப்பைத்தொட்டி. சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அவர் முகம் மாறியது. "போன மாசம் தங்கச்சிக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினேனே. வெளியிலதான் வெச்சிருப்பா."

"இங்கிருந்தே போன் பண்ணுங்க" என்றேன்.