விலையில்லா சீருடை: கணக்கு எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது

எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து நின்று கேட்டார்: "நாலு செட் வரும்னாங்க, ரெண்டுதான் வந்துச்சு. என் பொண்ணு ஒண்ணத் துவைச்சுப் போட்டுட்டு இன்னொண்ணப் போட்டுக்கிட்டுப் போறா. மழை நாள்ல அதுவும் காயறதில்ல." தலைமை ஆசிரியர் கணினியைத் திறந்து காட்டினார். அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே சீருடை "வழங்கப்பட்டது" என்று இருந்தது. அம்மா சொன்னதும் உண்மை, கணினி சொன்னதும் உண்மை. இரண்டு செட் கொடுத்தாலும் நாலு செட் கொடுத்தாலும் அந்தக் கட்டத்தில் விழுவது ஒரே சொல்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஒன்றியத்துக்கு, மாவட்டத்துக்கு, மாநிலத்துக்கு என்று சீருடைக் கணக்கைத் தேட ஆரம்பித்தேன். கணக்கு இருக்கிறது, பொதுவில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை, ஒரே அலகிலும் இல்லை. ஓரிடத்தில் துணி மீட்டரில், இன்னோரிடத்தில் செட்டில், வேறொன்றில் மாணவர் எண்ணிக்கையில், மற்றொன்றில் ரூபாயில். எந்த எண் எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், யாருக்கு என்ன உரிமை

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வி இலவசம். அந்தச் சட்டத்துக்கான மாதிரி விதிகள், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பாடநூல், எழுதுபொருளோடு சீருடையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கின்றன. எனவே சீருடை கேட்பது சலுகை கேட்பதல்ல.

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் அதற்கும் முன்பே, 1985-இலேயே தொடங்கியது. அப்போது ஆண்டுக்கு ஒரு செட். 2012-13 முதல் ஆண்டுக்கு நாலு செட். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 8 வரை படிக்கும், சத்துணவுத் திட்டத்தில் பதிவான பிள்ளைகளுக்கு இது உண்டு. "சத்துணவில் பதிவான" என்ற இந்த இரண்டு சொற்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு பார்க்கும்போது இவைதான் எல்லாமே.

ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் விதி வேறு. 8-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி ஆண் பிள்ளைகளுக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள ஆண் பிள்ளைகளுக்கும் இரண்டு செட். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 600 ரூபாய். இந்த விதியைக் காட்டி "ரெண்டு செட்தானே கணக்கு" என்று யாராவது சொன்னால், அது டெல்லிக் கணக்கு. நம் மாநிலக் கணக்கு நாலு.

மூன்று துறை, மூன்று அலகு

நம் சீருடை மூன்று துறைகளின் கை மாறி வருகிறது. துணி கைத்தறி மற்றும் துணிநூல் துறை வழியாக வருகிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்ய, கோ-ஆப்டெக்ஸ் கொள்முதல் செய்து தருகிறது. தைப்பது சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். கொடுப்பது பள்ளி.

ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது, அதாவது தன் செலவுக்குப் பணம் கேட்கும்போது, சட்டமன்றத்தில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். கைத்தறிக்கு மானியக் கோரிக்கை எண் 17, பள்ளிக் கல்விக்கு 43, சமூக நலத்துக்கு 45. மூன்றையும் இறக்கி "சீருடை" என்று தேடுங்கள். கைத்தறிக் குறிப்பில் துணி மீட்டரில் இருக்கும். சமூக நலத்துறைக் குறிப்பில் தைத்த சீருடைகளும் பயனடைந்த மாணவர்களும் இருப்பார்கள். பள்ளிக் கல்விக் குறிப்பில் மற்ற விலையில்லாப் பொருட்களோடு சேர்த்து மாணவர் எண்ணிக்கை இருக்கும்.

மூன்று எண்ணும் பொருந்தவில்லையே என்று பதற வேண்டாம். ஒன்று நிதியாண்டுக் கணக்காக இருக்கும், இன்னொன்று கல்வியாண்டுக் கணக்காக இருக்கும். ஒன்று நெய்யச் சொன்னது, இன்னொன்று தைத்து முடித்தது. நான் இதில்தான் முதலில் ஏமாந்தேன். பயனாளி எண்ணிக்கையை நாலால் பெருக்காமல், செட் எண்ணிக்கையோடு நேரடியாக ஒப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் குழம்பினேன்.

இன்னொரு இடறல், சத்துணவு. தமிழ்நாட்டில் சத்துணவு 10-ஆம் வகுப்பு வரை உண்டு. சீருடை 8 வரைதான். சத்துணவு பற்றிய குறிப்பில் கடைசி வரியில் இருக்கும் மொத்தப் பயனாளிகளை எடுத்தால் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளும் உள்ளே வந்துவிடுவார்கள். 1 முதல் 5, 6 முதல் 8 என்று தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் வரிகளை மட்டும் கூட்டுங்கள். அதே போல, பள்ளியின் மொத்தச் சேர்க்கையையும் கணக்குக்கு அடிப்படையாக வைக்கக் கூடாது. ஒரு நடுநிலைப் பள்ளியில் 120 பேர், அவர்களில் சத்துணவில் 104 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளிக்கு வர வேண்டியது 416 செட். 480 வரவில்லை என்று சண்டைக்குப் போனால், முதல் நிமிடத்திலேயே நம் பேச்சு எடுபடாது.

யுடைஸ்: நாடு முழுக்க ஒரே படிவம்

பள்ளிச் சுவரில், பெரும்பாலும் பெயர்ப் பலகைக்குக் கீழே, 11 இலக்க எண் ஒன்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் யுடைஸ் குறியீடு. நாட்டிலுள்ள பள்ளிகளின் விவரங்களை ஆண்டுதோறும் திரட்டும் ஒன்றிய அரசின் தகவல் முறைதான் யுடைஸ். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு ஒன்றியம், பிறகு மூன்று இலக்கம் ஊர் அல்லது வார்டு, கடைசி இரண்டு அந்தப் பள்ளி. தொடக்கக் கல்விக்கு ஒரு தகவல் முறை, உயர்நிலைக்கு வேறொன்று என்று இருந்ததை 2012-13-இல் ஒன்றாக்கி யுடைஸ் வந்தது. 2018-19 முதல் அது யுடைஸ் பிளஸ்.

இந்த எண்ணை யுடைஸ் பிளஸ் தளத்தில் "உங்கள் பள்ளியை அறியுங்கள்" என்ற பகுதியில் கொடுத்தால் கழிப்பறை, வகுப்பறை, ஆசிரியர், மாணவர் எண்ணிக்கை எல்லாம் வரும். யாரும் பார்க்கலாம். மாநில, மாவட்ட அளவு அட்டவணைகளும் ஆண்டறிக்கையும் அதே தளத்தில் உண்டு.

சீருடையும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்விதான். ஆனால் பழைய படிவங்களில் மாணவர்களுக்குக் கொடுத்த வசதிகள் பற்றிய பகுதி முந்தைய கல்வியாண்டைக் கேட்டது. சேர்க்கை எண்ணிக்கையோ அந்த ஆண்டு செப்டம்பர் 30 நிலவரம். போன ஆண்டு சீருடை வாங்கியவர்களை இந்த ஆண்டுச் சேர்க்கையால் வகுத்தால், சில பள்ளிகளில் நூறு சதவீதத்துக்கு மேலேகூடப் போகும். அதைப் பார்த்து ஊழல் என்று முகநூலில் போடுவதற்கு முன், அந்த ஆண்டின் படிவத்தை இறக்கி, கேள்வியின் தலைப்பை ஒரு தடவை படித்துவிடுங்கள். வெற்றுப் படிவமும் அதே தளத்தில் கிடைக்கிறது.

2022-23 முதல் முறையே மாறிவிட்டது. அதுவரை பள்ளி மொத்தமாக "இத்தனை பேர்" என்று கொடுத்தது. இப்போது ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிகிறார்கள். விளைவு என்ன தெரியுமா? 2021-22-இல் நாட்டில் 26.52 கோடி மாணவர்கள் என்றிருந்தது 2023-24-இல் 24.80 கோடி ஆனது. இந்த முறை மாற்றத்தால் முந்தைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிட முடியாது என்று கல்வி அமைச்சகமே சொல்கிறது. அதனால் சீருடைக்கும் 2021-22-க்கு முந்தைய வரிசையையும் பிந்தைய வரிசையையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள்.

தமிழ்நாட்டுக்கு எமிஸ் என்று தனித் தகவல் முறையும் உண்டு. விலையில்லாப் பொருட்கள் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்பதை ஆசிரியர்கள் அதில்தான் பதிகிறார்கள். உள்ளே நுழையக் கணக்கு வேண்டும், பொதுமக்களுக்குத் திறந்த பகுதியில் பள்ளி பற்றிய பொதுத் தகவல்தான் தெரியும். உங்கள் பிள்ளையின் பதிவை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வகுப்புப் பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அதில் மற்றவர் பிள்ளைகளின் பெயரும் சாதியும் பிறந்த தேதியும் இருக்கும்.

வீட்டுச் செலவுக் கணக்கில் சீருடை

அரசு கொடுத்ததைப் பார்த்தோம். சரி, பெற்றோர் கையிலிருந்து போனது எவ்வளவு? அதற்கு, சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்டறியும் ஒன்றிய அரசின் தேசிய மாதிரி ஆய்வுதான் வழி. 2017-18-இல் நடந்த 75-ஆவது சுற்று கல்விச் செலவைக் கேட்டது. ஆனால் அதில் புத்தகம், எழுதுபொருள், சீருடை மூன்றும் ஒரே வரி. சீருடைக்கு மட்டும் எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்கவே முடியாது. 2025-இல் நடந்த கல்வி பற்றிய 80-ஆவது சுற்று ஆய்வில் சீருடை தனி வரியாக வந்தது. ஓராண்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவு அரசுப் பள்ளியில் 2,863 ரூபாய், மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய் என்கிறது அந்த அறிக்கை.

எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு. இலவசமாகக் கிடைத்த சைக்கிள், மடிக்கணினி, பள்ளிச் சீருடை, பள்ளிக் காலணி போன்றவற்றை அதில் தனியாகக் கேட்டார்கள். அவற்றையும் ரேஷன் முதலானவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்தபோது, நாட்டின் கிராமப்புறத்தில் ஒருவரின் மாதச் செலவு 3,773 ரூபாயிலிருந்து 3,860 ரூபாய் ஆனது. பிள்ளை உடுத்தும் சட்டைக்கும் நாட்டின் கணக்கில் ஒரு விலை போட்டிருக்கிறார்கள். இந்த ஆய்வுகளின் மூலத்தரவைப் புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்துவிட்டு இலவசமாக இறக்கலாம். எக்செல் மட்டும் தெரிந்தவர்கள் அறிக்கையின் பின்னிணைப்பு அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சமக்ர சிக்ஷாவின் திட்ட ஒப்புதல் குழுக் கூட்டக் குறிப்புகளும் இணையத்தில் உண்டு. மாநிலவாரியாக எத்தனை பிள்ளைகளுக்கு, என்ன விலையில் ஒப்புதல் என்று இருக்கும். அது ஒப்புதல்தான், கொடுத்ததற்குச் சாட்சி அல்ல. மாநிலம் தன் பணத்தில் கொடுப்பதும் அதில் வராது. மற்ற மாநிலங்களோடு ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் சீருடை, பை, காலணி, ஸ்வெட்டர், எழுதுபொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் பெற்றோரின் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். அங்கே எண்ணுவது பணப் பரிமாற்றத்தை, இங்கே எண்ணுவது துணியை.

கிடைக்காததைக் கேட்டு வாங்குவது

நமக்கு உண்மையில் வேண்டியது பள்ளிவாரியாக எத்தனை செட், எந்தத் தேதியில் என்பது. இது எந்தத் தளத்திலும் திறந்து கிடைக்காது. இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

கேள்வி எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது. "ஏன் சீருடை முழுமையாக வழங்கவில்லை?" என்று எழுதினால் பதில் வராது, ஏனென்றால் இந்தச் சட்டத்தில் ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்க முடியும், காரணத்தை அல்ல. நான் எழுதியது இப்படி: "2024-25 கல்வியாண்டில் இந்த ஒன்றியத்திலுள்ள ஒவ்வொரு அரசு, அரசு உதவி பெறும் தொடக்க, நடுநிலைப் பள்ளியிலும் 1 முதல் 8 வரை சத்துணவில் பதிவான மாணவர் எண்ணிக்கை, அப்பள்ளிக்குப் பெறப்பட்ட சீருடை செட் எண்ணிக்கை, ஒவ்வொரு தவணையும் பெறப்பட்ட தேதி, மாணவர்களுக்கு வழங்கப்பட்ட தேதி ஆகியவற்றைக் காட்டும் பதிவேட்டின் நகல் தருக. மாணவர் பெயர்கள் தேவையில்லை." கடைசி வரி முக்கியம். பெயர் கேட்டால், தனிநபர் தகவல் என்று சொல்லி மொத்தத்தையும் மறுத்துவிட இடம் கொடுத்தது போலாகிவிடும்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "இது சமூக நலத்துறை விஷயம்" என்று அங்கே நினைத்தாலும், மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், சட்டத்தின் 6(3) பிரிவு அதைத்தான் சொல்கிறது. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எங்கள் பள்ளியில் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தபோதே ஒரு சின்ன வேலை செய்தோம். தலைமை ஆசிரியர் வழங்கல் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார். செட் வாங்கும்போது தேதி போட்டு, பெற்றோர் அந்தக் கட்டத்திலேயே கையெழுத்திட வேண்டும். அந்த அம்மா மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாலாவது இன்னும் காலி. அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் பொருளாக அதைத்தான் வைத்திருக்கிறோம்.